கிராணி வீட்டுப் பிரசவம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு தம்புசாமி கிராணியுடையது. அதற்கப்புறம் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் ரயில் ரோடு. குழாயடியில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் சைக்கிள் தூரத்தில் தெரிந்தால் போதும், பேச்சு கிழங்கு விலைக்கு மாறிவிடும். மற்றவர்கள் டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சைக்கிளுக்கு மட்டும் நிஜமான டயர் இருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது அவன் வீட்டு அடுப்பிலிருந்து அரிசி கொதிக்கிற வாசனை வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அனுப்புகிற ஆள்களின் பெயர்களை எழுதும் ஆபீசில் அவனுக்குக் குமாஸ்தா மேசை. இந்த மூன்றையும் சேர்த்து வைத்து லயத்து ஜனங்கள் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யார் காதில் எது விழும், அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத காலம் அது.

1944-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் ஏழரை மணி ஆகியும் வெளிச்சம் சரியாக வரவில்லை. அந்த நேரத்தில் தம்புசாமி வந்து இராஜம்மாவின் வாசலில் நின்றான்.

இராஜம்மா மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். பால் டின்னை வெட்டி விரித்து ஆணியால் பொத்தல் போட்ட துருவி. துருவிய கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிந்து, காயப்போட்டு, மாவாக்கினால் பாசாரில் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தவள் நல்லம்மாள், இராஜம்மாவின் புருஷனுக்குத் தங்கை, கைம்பெண். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நல்லம்மாள் சீவுகிற கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"மிஸ்ஸி," என்றான் தம்புசாமி. லயத்தில் எல்லோரும் இராஜம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் ஆயாவாக இருந்து, வெள்ளைக்கார நர்ஸ் மிஸ்ஸியிடம் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டவள். "சீதாவுக்கு விடியக்காலையே வலி கண்டிருச்சு. தண்ணியும் ஒடைஞ்சிருச்சு. நீங்க கொஞ்சம் வரணும்."

"நான் அந்த வேலைய விட்டு எட்டு மாசமாச்சு. தெரியாதா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"வண்டி கெடைக்கல. நடத்திக் கூட்டிட்டுப் போற நெலமையில அவ இல்ல. கம்பத்துல இருக்கற மலாய்க்கார மருத்துவச்சியப் போய்ப் பாத்தேன். எங்க வீடுன்னு தெரிஞ்சதும் காய்ச்சல்னு சொல்லிட்டாங்க."

"காய்ச்சல் இப்ப எல்லாருக்குந்தான் வருது," என்றாள் நல்லம்மாள், கிழங்கைப் பார்த்துக்கொண்டே.

 தம்புசாமிக்கு முப்பது வயசுதான் இருக்கும், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிறகு ஆபீஸ் பழக்கத்தில் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். சைக்கிளில் வராமல் நடந்து வந்திருக்கிறான் என்பதை இராஜம்மா அப்போதுதான் கவனித்தாள்.

"நடிக்கிறான்," என்றாள் நல்லம்மாள், அவன் தலை மறைந்ததும். "இதுல என்னமோ இருக்கு அண்ணி. பொண்டாட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க தலையில போட்டு மாத்தா-மாத்தா போலீசக் கூட்டிட்டு வருவான். அண்ணன் இல்லாத வீடு. நம்மள வெளிய தள்ள அவனுக்கு ஒரு சாக்கு வேணும்."

"போகலன்னா?"

நல்லம்மாள் சீவிய தோலை ஓரமாகத் தள்ளினாள். "போகலன்னா அதையும் எழுதி வச்சிக்குவான்."

இராஜம்மாவின் புருஷன் யேசடியான், தண்டவாள கேங்கில் மேஸ்திரி. நாற்பத்தாறு வயசு, இடது முட்டியில் வாதம். நாற்பதைத் தாண்டியவர்களைச் சயாமுக்கு எடுக்கமாட்டார்கள் என்று பேச்சிருந்தது. போன வருஷம் சித்திரையில் வாசித்த பட்டியலில் அவர் பெயர் எப்படியோ இருந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள். பதினைந்து மாதம் ஆகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. பெயரை எழுதியது யார் என்று நல்லம்மாளுக்குச் சந்தேகமே கிடையாது. இராஜம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் அதை அப்படியே வைத்திருந்தாள்.

அது ஒரு பாரம். அதைவிடப் பெரிய பாரம் ஒன்று அவளுக்கு இருந்தது.

போன கார்த்திகையில், மூன்றாவது வரிசையில் குடியிருந்த கேங் கூலி அய்யாவுவின் மனைவி வீரம்மாவுக்கு அவள்தான் பிரசவம் பார்த்தாள். குழந்தை பிறந்து மூச்சுத் திணறியது. தட்டி, ஊதி, அழவைத்தாள். பிறகு தாய்க்கு ரத்தம் போகத் தொடங்கியது. ரத்தத்தை நிறுத்துகிற மருந்து ஊரிலேயே இல்லை. மருந்து கொடுக்கிற டிரெசரிடம் ஓடிப்போய்க் கேட்டேன், கிடைக்கவில்லை, திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று இராஜம்மா சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். காலம் அப்படி, மிஸ்ஸி என்ன செய்வாள் என்றார்கள்.

அவள் டிரெசரிடம் போகவே இல்லை. மருந்து இல்லை என்பது அவளுக்கு முந்தின வாரமே தெரியும். அந்த ரத்தத்தைப் பார்த்ததும் கையிலிருந்து எல்லாம் நழுவிப்போய், வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். எழுந்து உள்ளே போனபோது வீரம்மாவின் கால் சில்லிட்டிருந்தது.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் கைவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். திருவிருந்துக்கு எல்லோரும் முன்னே போகும்போது எழுந்து வெளியே வந்துவிடுவாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: மறுபடியும் எனக்கு அதைக் கொடுக்காதேயும் ஆண்டவரே. அய்யாவு எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கிட்ட இருக்கிற குழாய்க்கு அவன் வீட்டைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது என்பதற்காகவே தூரத்துக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் எடுத்தாள். அவனும் அவளிடம் பேச வந்ததில்லை. அவனுக்கு என்னமோ தெரியும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அன்று வெயில் ஏறுகிற நேரத்தில் அந்த அய்யாவுதான் இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றான். எட்டு மாதத்துப் பெண் குழந்தை, கோணிப்பை நூலில் பின்னின சட்டை போட்டிருந்தது.

"அக்கா, கிராணி வீட்டுக்குப் போகலியா?"

இராஜம்மா துருவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு அனுப்புனா ஒன்ன?"

"யாரும் அனுப்பல. அந்தப் பொண்ணு கத்துறது எங்க வரிசை வரைக்கும் கேக்குது. வீட்டுல என்னால ஒக்கார முடியல."

"கத்தட்டும்," என்றாள் நல்லம்மாள். "ஒன் பொண்டாட்டி கத்துனப்ப அவன் எட்டிப் பாத்தானா? ஒனக்கு என்ன அந்த வீட்டு மேல அக்கற? கேங்கிலே லேசான வேலை குடுக்கறேன்னானா?"

அய்யாவு பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினான். "அக்கா, பிள்ளைக்கு வெதுவெதுப்பா கொஞ்சம் கஞ்சித்தண்ணி இருக்குமா? காலைலேர்ந்து ஒண்ணும் எறங்கல," என்றான். நல்லம்மாளுக்கு யார் மேல் கோபம் இருந்தாலும் பிள்ளை மேல் இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போனதும் அய்யாவு குந்தி உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அன்னிக்கு நீங்க மருந்துக்குப் போகல. எனக்குத் தெரியும்."

துருவியில் இராஜம்மாவின் விரல் உராய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒக்காந்திருந்தீங்க."

"பாத்தியா?"

"நானும் அங்கதானே ஓடி வந்தேன்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அத்தனை வருசத்துல என் பேரச் சொன்னதே இல்ல. என்னால அங்க நிக்க முடியல. நீங்க வெளிய ஓடுனதும் நானும் ஓடிட்டேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

 உள்ளே நல்லம்மாள் குழந்தையிடம் என்னமோ கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"ஒங்களச் சொன்னா என்னையும் சொல்லணும். மொதல்ல அதுக்குத்தான் பயந்தேன்." அய்யாவு கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் பயம் போயிருச்சு. நீங்கதான் திரும்பி வந்து அவளக் குளிப்பாட்டுனீங்க. இந்தப் பிள்ளை மூச்சு விடுறதும் ஒங்க கையாலதான். நீங்க என்னப் பாத்தா சுத்திப் போறது எனக்குத் தெரியும். ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இத அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்தது என் தப்பு."

குழந்தையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

இராஜம்மா துருவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக எந்தக் கண்ணுக்குப் பயந்து சுற்றிச் சுற்றி நடந்தாளோ, அந்தக் கண் முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தது. பார்த்த பிறகும் அவள் மேல் ஒரு சொல் விழாமல் காப்பாற்றியிருக்கிறது. ஒரு கேங் கூலியால் அது முடிந்திருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்ததை அவளுடைய ஆண்டவரும் பார்க்காமலா இருந்தார்? பார்த்ததால்தான் தன்னைத் தள்ளிவிட்டார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, தன்னைக் கூப்பிடாதவருக்கு முன்னால் நிற்பதுபோலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறாள். திருவிருந்துக்கு வராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளேதான் எழுந்து போனாள்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.  ஆனாலும் எழுந்தாள். பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினாள். கத்தரிக்கோல், நூல், வேகவைத்து மடித்த துணி, அரைக்கட்டி சோப்பு.

"அண்ணி, அண்ணன் பேர எழுதுன கை அது," என்றாள் நல்லம்மாள், வாசலை மறித்து.

"எழுதுனானா இல்லியான்னு நமக்குத் தெரியாது."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

 இராஜம்மா நல்லம்மாளின் தோளைத் தொட்டு விலக்கிவிட்டுப் படியிறங்கினாள். குழாயடியைத் தாண்டும்போது பேச்சு நின்றது. மாரியாயி என்பவள் மட்டும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிஸ்ஸி எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிராணி வீட்டில் அரிசி மூட்டை இருக்கும் என்று இராஜம்மாவும் நினைத்திருந்தாள். உள்ளே போனதும் கண் தானாக மூலைகளைத் தேடியது. மூட்டை இல்லை. ஒரு கொட்டாங்கச்சியில் இரண்டு பிடி ரேஷனில் வந்த, சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசியும், அடுப்பில் வேகவைத்த கிழங்குந்தான் இருந்தன. அரிசி கர்ப்பிணிக்காக.

தம்புசாமி அவள் பெட்டியைத் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல என்ன மிஸ்ஸி?"

"கத்தரிக்கோல். கொடி அறுக்கறதுக்கு. சந்தேகமா இருந்தா நீங்களே வெந்நியில போட்டு எடுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப்போனான்.

சீதாலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயசு, தலைப்பிள்ளை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் இராஜம்மாவைப் பார்த்ததும் முட்டியை ஒடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு எங்க மேல கோவமா?"

"இருக்கு. அதுக்கும் ஒன் வயித்துல இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. கால நீட்டு."

கை வைத்துப் பார்த்தாள். தலை கீழே இறங்கியிருந்தது. எட்டு மாதம் கிழங்கு பிழிந்த கை, ஆனாலும் விரல்கள் மறக்கவில்லை. நல்ல வேளையாக வேலை நிறைய இருந்தது. வலி வரும்போது இடுப்பைத் தேய்த்துவிட வேண்டும், வலி விடும்போது எழுப்பி நடக்கவைக்க வேண்டும், கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். மத்தியானம் தாண்டியதும் வானம் இருண்டு, இடி இடித்து, மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அந்த மழையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வாய் திறந்து அழுதான். கொடி அறுத்து, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்ததைப் புரட்டிப் பார்த்துச் சரி என்று வைத்தாள்.

பெருமூச்சு விட்டுக் கையைக் கழுவப் போனபோதுதான் பாய் நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

துணியை வைத்தாள், நிமிஷத்தில் ஊறியது. வேறு துணி, அதுவும் ஊறியது. சீதாலெட்சுமியின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "அக்கா, கண்ணு இருட்டுது," என்றாள்.

இராஜம்மாவின் கால் எழுந்துவிட்டது. அவள் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. கதவு பக்கத்திலேயே இருந்தது. டிரெசரிடம் போய் வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

"கிராணி," என்று கத்தினாள். "உள்ள வாங்க. கதவச் சாத்திட்டு அதுல சாஞ்சு நில்லுங்க."

அவன் ஓடி வந்து நின்றான். ரத்தத்தைப் பார்த்தான்.

"நான் வெளிய போறேன்னு சொன்னா விடாதீங்க. மருந்துக்குன்னு சொன்னாலும் விடாதீங்க. மருந்து கிடையாது. வீரம்மாவ நான் இப்படித்தான் விட்டுட்டு ஓடுனேன். டிரெசர்கிட்ட போகல, தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன். கேட்டுச்சா?"

மழைச் சத்தத்திலும் அவனுக்குக் கேட்டது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லாததை, லயத்திலேயே யாரும் நம்பாத ஓர் ஆளிடம் சொல்லிவிட்டு இராஜம்மா மண்டியிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைக்கார மிஸ்ஸி ஒரே ஒரு தடவை செய்ததைப் பார்த்திருக்கிறாள். ஒரு கை முஷ்டியாக உள்ளே, மற்றக் கை அடிவயிற்றின் மேலே. கர்ப்பப்பையை இரண்டுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். விடக்கூடாது. எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது.

"பிள்ளைய எடுத்து மார்ல வைங்க. சப்பட்டும். சப்புனா உள்ள சுருங்கும்."

அவன் பிள்ளையை எடுத்து வைத்தான். மறுபடி கதவில் போய்ச் சாய்ந்துகொண்டான். சீதாலெட்சுமி கண்ணை மூடிவிட்டாள். மூச்சு மட்டும் இருந்தது. தம்புசாமியின் முகம் கோணிக்கொண்டு போனது. சட்டென்று கீழே உட்கார்ந்தான்.

"இது எனக்கு வந்த தண்டனை, மிஸ்ஸி. ஒங்க வீட்டுக்காரர் பேர நாந்தான் எழுதுனேன்."

இராஜம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டியல்ல சீதாவோட தம்பி விஜயன் பேரு வந்திருந்துச்சு. பத்தொம்போது வயசுப் பையன். அத அடிச்சிட்டேன். ஜப்பான்காரன் எண்ணிப் பாத்துட்டு ஒரு ஆள் கொறையுதுன்னான். ரோல் புஸ்தகத்தத் திருப்புனேன். அடுத்த பக்கத்துல மொதப் பேரு அவரு பேரு. நாப்பத்தாறுன்னு இருந்த வயச முப்பத்தாறுன்னு மாத்துனேன். அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. மொதப் பேரா இருந்துச்சு, அவ்வளவுதான்."

அவள் கை இரண்டும் அவன் மனைவியின் உயிர் மேல் இருந்தன.

அந்த நேரத்தில் தனக்குள் எழுந்த நினைப்பை இராஜம்மா பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை. கையைக் கொஞ்சம் தளர்த்து என்று அது சொன்னது. ஓடக்கூட வேண்டாம், தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது, கை வலித்துப்போயிற்று என்பார்கள். ஒரு கணம், தன் விரல்களே அதைக் கேட்டுத் தளர்ந்துவிட்டனவோ என்று சந்தேகமாக இருந்தது. இத்தனை நாள் தன்னால் முடியாது என்றுதான் பயந்திருந்தாள். இப்போது, முடியாமல் போகட்டும் என்று தானே ஆசைப்படுகிற அளவுக்குத் தனக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது. அது முந்தின பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

உதடு அசைந்தது. கோயிலில் படிக்கிற ஜெபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, நான் எப்பேர்ப்பட்டவள்னு இப்ப எனக்கே தெரிஞ்சு போச்சு. ஒமக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் என்னைய இங்க கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கீர். இவ பொழைப்பாளா மாட்டாளா, அது என் கையில இல்ல. நான் தவறினாலும் ஒம்ம கைய விட்டுத் தவற மாட்டேன். இந்தக் கைய மட்டும் பிடிச்சிக்கும். இவனுக்காக இல்ல. எனக்காகவும் இல்ல. சும்மா பிடிச்சிக்கும்."

தம்புசாமி அழுதுகொண்டிருந்தான்.

"அழறத நிறுத்திட்டு எனக்குப் பின்னால வாங்க," என்றாள். "என் முழங்கையத் தாங்கிப் பிடிங்க. மரத்துப் போச்சு."

அவன் வந்து இரண்டு முழங்கைகளையும் கீழிருந்து தாங்கிக்கொண்டான். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு கூட்ஸ் வண்டி போனது, சுவர் அதிர்ந்தது. மழை ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. குழந்தை சப்புவதும் தூங்குவதுமாக இருந்தது. பிறகு இராஜம்மாவின் மேல்கைக்குக் கீழே கர்ப்பப்பை மெல்ல இறுகி, ஒரு தேங்காயைப்போல உருண்டு கெட்டியானது. அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தாள். துணியைப் பார்த்தாள். புதிய சிவப்பு இல்லை.

கையை எடுத்தபோது விரல்களை அவளால் மடக்க முடியவில்லை. தம்புசாமிதான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தூங்கவிடாதீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. அந்த ரெண்டு பிடி அரிசியக் கஞ்சியா வச்சு உப்புப் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலைல வெந்நி வச்சிருங்க. குளிப்பாட்டணும்."

"நீங்களா வருவீங்க?"

அவள் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் நல்லம்மாள் காத்திருந்தாள். இராஜம்மா சேலையை மாற்றி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டாள்.

"பொழைச்சாளா?"

"இன்னிக்குப் பொழைச்சா. நாளைக்குக் காய்ச்சல் வராம இருக்கணும்."

"அண்ணன் பேரப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யோடு எட்டு மாதம் இருந்து பார்த்தாகிவிட்டது. இராஜம்மா எல்லாவற்றையும் சொன்னாள். விஜயன் பெயரை, மாற்றின வயசை. பிறகு, நிறுத்தாமல், வீரம்மாவையும் தொட்டியையும் சொன்னாள். தன் கை தளரப்பார்த்ததையும் சொன்னாள்.

 நல்லம்மாள் அழவில்லை. "ஒரு எழுத்து," என்றாள். "ஒரு எழுத்த மாத்திட்டு ஒருத்தன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னிருக்கான்." கொஞ்சம் கழித்து, "நாளைக்கு நீங்க அங்க போகக்கூடாது."

"போகணும். குளிப்பாட்டலன்னா சீழ் பிடிச்சிரும்."

"அவன மன்னிச்சிட்டீங்களா?"

"தெரியல. அந்த வார்த்த வாய்ல வரல. வரும்னு இன்னிக்குச் சொல்லத் தெரியல. அவரு திரும்பி வரணும்னு ராத்திரியெல்லாம் கேப்பேன். அதுக்கு நடுவுல அவன் மூஞ்சி வரும். வந்தா அதையும் அங்கேயே கொட்டணும், வேற எங்க கொட்டறது? ஆனா கை வேலைக்கு வருது நல்லம்மா. எட்டு மாசமா வராத கை."

"எனக்கு அதெல்லாம் ஆகாது," என்றாள் நல்லம்மாள். "நான் அவன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். அவன் செத்தாலும் மிதிக்க மாட்டேன்."

"நீ மிதிக்க வேணாம்."

இரவு சாப்பாட்டுக்கு நல்லம்மாள் கிழங்கும் கருவாடும் எடுத்து வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. இராஜம்மாவும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் இராஜம்மா போனபோது கிராணி வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. தம்புசாமி ஆபீஸுக்குப் போகவில்லை. சாக்கடை ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சீதாலெட்சுமி முகம் வெளிறித்தான் கிடந்தாள், ஆனால் உடம்பில் சூடு இல்லை. இராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய காலம் வரும்; அதைச் சொல்லவேண்டியவன் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

இராஜம்மா தாயைக் கழுவித் துடைத்து, கட்டுத்துணி மாற்றினாள். பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தாள்.

"கிராணி," என்று கூப்பிட்டாள். "தண்ணி கொதிக்குது. பச்சத்தண்ணி எடுத்துட்டு வாங்க."

அவன் வாளியோடு ஓடி வந்தான். அவள் சொன்ன அளவுக்கு ஊற்றினான்.  போகும்போது கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த அரிசியை இலையில் கட்டி நீட்டினான். அவள் அதைச் சீதாலெட்சுமியின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

குழாயடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். இராஜம்மா கிட்டே வந்ததும் பேச்சு கிழங்கு விலைக்கு மாறியது. இதுவரை கிராணிக்காக மாறின பேச்சு, இப்போது அவளுக்காகவும் மாறுகிறது. அவள் தாண்டிப் போனாள். பின்னாலேயே மாரியாயி குடத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

"கிராணி வீட்டு அரிசிச்சோறு நல்லா இருந்துச்சா மிஸ்ஸி?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்கும்படியாக.

"அங்க கிழங்குதான் வேகுது. ஒங்க வீட்டுல வேகுற அதே கிழங்கு."

மாரியாயி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுவர் மறைவு வந்ததும் நின்றாள். குடத்தை இடுப்பு மாற்றினாள். அப்போதுதான் முந்தானைக்குள் வயிறு தெரிந்தது.

"எனக்குப் புரட்டாசிக்கு மிஸ்ஸி," என்றாள், குரலை இறக்கி. "மொதப் பிள்ளை தங்கல. நீங்க வருவீங்களா? மறுபடியும் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களாமே."

"வரேன்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

 முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு இராஜம்மா, என்னிடம் வந்துவிட்டாயே, அப்புறம் என்ன என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"அது எனக்குத் தெரியாது மாரியாயி. என்னால முடிஞ்சதப் பண்ணுவேன். முடியாம போனாலும் போகலாம். ஒருத்திய நான் நடுவுல விட்டுட்டு ஓடியிருக்கேன், அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடு."

மாரியாயி அவளை உற்றுப் பார்த்தாள். இந்தப் பொம்பளை ஏன் இதைச் சொல்கிறாள், இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று தேடுகிற பார்வை. தேடியது கிடைக்காமல், மெல்லக் கேட்டாள்.

"அப்ப என்னைய மட்டும் விட்டுட்டுப் போக மாட்டீங்களா?"

"போகணும்னு தோணும்," என்றாள் இராஜம்மா. "தோணுனா ஒன் கையப் பிடிச்சிக்கிட்டு ஆண்டவரக் கூப்பிடுவேன். நீ என் சேலையப் பிடிச்சிக்க. எந்திரிச்சுப் போக மாட்டேன்."